பிஸ்டன் வாங்கும் படலம்

டொயோட்டா சுப்ராவின் 2ஜேஇசட்-ஜிடிஇ டர்போ எஞ்சினுக்கு ஃபோர்ஜ்டு பிஸ்டன் வாங்கக் கிளம்பும் அன்பர் முதலில் சொல்வது, ஆயிரம் குதிரைத்திறன் கணக்கு. வண்டி போவதென்னவோ ஆபீசுக்கும் கடைத்தெருவுக்கும்தான்.

பிஸ்டனில் பிரபலமான அலுமினியக் கலவைகள் இரண்டு. 4032-இல் சிலிக்கான் சுமார் 12 சதவீதம். சூட்டில் அதிகம் விரியாது; ஆகவே சிலிண்டருக்குள் நெருக்கமாகப் பொருத்தலாம், சத்தமும் குறைவு. 2618-இல் சிலிக்கான் பெயருக்குத்தான். நன்றாக அடி தாங்கும்; ஆனால் கூடுதலாக விரியும் என்பதால் இடைவெளியும் கூடுதலாக விட வேண்டும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால், சூடேறும்வரை பழைய டீசல் வண்டி போலத் தடதடக்கும். அன்பர் எதை எடுப்பார் என்று கேட்கவும் வேண்டுமா? பந்தயக்காரர்கள் போடுவதல்லவா!

கம்பெனி கொடுத்த கம்ப்ரஷன் 8.5:1. அதைக் கூட்டுவதா, குறைப்பதா என்று இரவெல்லாம் விவாதிப்பார். பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். டர்போ சூட்டில் ரிங் நீண்டு முனைகள் முட்டிக்கொண்டால், விலை உயர்ந்த பிஸ்டனும் உடையும். அந்த இடைவெளியை அரத்தால் ராவிச் சரிசெய்வது பொறுமையான வேலை. பெட்ரோலின் ஆக்டேனுக்கு ஏற்ப இக்னிஷன் டைமிங்கை அமைத்து நாக்கிங்கைத் தவிர்ப்பதும் அப்படியே. இரண்டையும் போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்ப முடியாதே!