பேஸ்மென்றில் வணிகம்

2024 செப்ரெம்பரில் ஒன்ராறியோ மாகாணம் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு வணிகப் பாடங்களைப் புதிதாக்கியது. பத்தாம் வகுப்புக்காரர் இப்போது படிப்பது, தொழில் ஒன்றைத் தொடங்கி வழிநடத்துவது எப்படி என்று. ஸ்காபரோவில் எங்கள் பெற்றோர் உடனே ஒரு தொழிலைத் தொடங்கிவைத்தார்கள்: ரியூஷன் வாத்தியாருடையதை.

"பிள்ளை பிஸ்னஸ் செய்யப் போகுதோ?" என்று கேட்டுப் பாருங்கள். "சீ, மார்க்ஸுக்கு!" என்பார்கள். பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பில் சிறந்த ஆறு பாடங்களைத்தான் பார்க்கும். பௌதிகவியலில் சறுக்கிய சராசரியைச் சர்வதேச வணிகம் தூக்கிவிடுமாம்.

பேஸ்மென்றில் மகன் பதினோராம் வகுப்புக் கணக்கியல் படிக்கிறான். இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு இடத்தில் எழுதவேண்டும். மேலே அப்பா காசாக நீட்டும் ரியூஷன் கட்டணமோ ஓரிடத்திலும் எழுதப்படுவதில்லை.

குசினியில் அம்மா சீட்டுக் கணக்குப் பார்க்கிறார். இந்த மாதம் கழிவு எவ்வளவு போகும், யார் அவசரப்பட்டு எடுப்பார், எடுத்தவர் ஒழுங்காகக் கட்டுவாரா, எல்லாம் கல்குலேற்றர் இல்லாமலே. வட்டி, இடர், கடன் தகுதி என்று பாடப்புத்தகத்தின் பாதி அங்கே நடக்கிறது. அவரிடம் பாடம் கேட்க யாருக்கும் தோன்றாது, இலவசம் அல்லவா!

பெற்றோரே, அடுத்த மாதம் கட்டணம் கொடுக்கும்போது ஒரு பற்றுச்சீட்டுக் கேளுங்கள். வாத்தியாரின் முகத்தைப் பிள்ளையும் பார்க்கட்டும்.