பின்னல் ரீச்சர்

திருக்கோவிலில் பின்னல் ரீச்சர் என்றால் மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர் என்றுதான் வெளியூரார் நினைப்பார்கள். அப்படியும் இருக்கலாம், தபாற் கந்தோரில் முத்திரை விற்றவராகவும் இருக்கலாம். பட்டம் ஊர் கொடுத்தது. கையில் இரண்டு ஊசியும் மடியில் நூற்பந்துமாக இருந்து, படலையைத் திறந்து வருபவரின் முகத்தைப் பார்க்குமுன் தோள் அகலத்தைப் பார்க்கும் எந்தப் பெண்ணுக்கும் அது வந்து ஒட்டிக்கொள்ளும். தம்பிலுவிலில் ஒருவர் உண்டு, காரைதீவில் ஒருவர் உண்டு, கல்முனைப் பக்கம் 'பின்னல் ராத்தா' என்ற பெயரில் உண்டு. ஒருவர் பின்னியதை மற்றவர் கையில் வாங்கினால் முதலில் மறுபக்கம் திருப்பித்தான் பார்ப்பார்.

பின்னல் ரீச்சரின் பருவம் மழைக்காலம் அல்ல. வாடை அடிக்கும் மார்கழியில் கழுவிய நூல் காயாது. அதனால் ஊசிகள் அலுமாரிக்குள் போய்விடும். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து கச்சான் அனலாக வீசி, ஊரே ஈரத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு மரநிழல் தேடும்போதுதான் ரீச்சர் விறாந்தையில் வந்து உட்காருவார். பக்கத்தில் பவுடர் டப்பா ஒன்று இருக்கும். அது முகத்துக்கல்ல. வியர்த்த விரலில் நூல் ஒட்டிக்கொண்டால் ஊசி வழுக்காது. பத்து வரிக்கு ஒருமுறை விரலில் தட்டிக்கொள்ள வேண்டும். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சித்திர வேலாயுத சுவாமி கோயிலுக்குப் போகும் சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும்.

"என்ன ரீச்சர், நுவரெலியாவுக்குப் போறீங்களோ?"

வருடம் தவறாத கேள்வி இது. பதிலும் வருடம் தவறாது.

"நீ போட்டிருக்கிற பெனியன் என்ன தம்பி? அதுவும் பின்னல்தான்."

இது உண்மை. பெனியனும் ரீசேட்டும் நெய்த துணி அல்ல, இயந்திரம் கண்ணி கண்ணியாகப் பின்னியவை. அதனால்தான் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், கண்ணிக்கு இடையால் காற்றும் போகும். திருப்பூர் என்ற ஊர் பேரெடுத்தது இந்தப் பின்னலால்தான். 1589இல் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் காலுறை பின்னச் செய்த சட்டகத்தின் வழிவந்தவையே இந்த இயந்திரங்கள். அதற்கும் முந்திய கதை இன்னும் ரீச்சருக்குச் சாதகமானது. கிடைத்திருக்கும் மிகப் பழைய ஊசிப் பின்னல்களில் முக்கியமானவை பனிநாட்டுக் கம்பளிகள் அல்ல. எகிப்தில் கிடைத்த, நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகள். ஏறத்தாழ ஆயிரம் வருடப் பழசு. சூட்டு நாட்டுக்காரர் கண்டுபிடித்ததைக் குளிர் நாட்டுக்காரர் கடன் வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை என்பது ரீச்சர் சொல்லும் வரலாறு. காலுறை வரை சரி. கடன் கணக்கு அவர் சேர்த்தது.

நூலுக்கு அவர் கடையை நம்புவதில்லை. குழந்தைத் தொப்பிக்கென்று விற்கும் மினுமினுப்பான செயற்கை நூல் வியர்வையைக் குடிக்காது. அதில் சட்டை பின்னிப் போட்டால் பொலித்தீன் பைக்குள் இருப்பது போலத்தான். பருத்தி நூலுக்கு மருதமுனை இருக்கிறது. அங்கே கைத்தறிக்கு வைத்திருக்கும் நூல் தலைமயிர் போல மெல்லியது. நாலைந்து இழையை ஒன்றாகப் பிடித்தால்தான் ஊசிக்குக் கட்டும்.

"ரீச்சர், இது சாறனுக்குள்ள நூல்" என்பார் தறிக்காரக் காக்கா.

"சாறனும் உடுக்கத்தானே காக்கா."

மிச்சம் கிடக்கும் நூல் பாதி விலைக்கு வந்துவிடும். ஒரே நிறத்தில் போதாமற் போனால் கீழே நாலு விரல் அகலத்துக்கு வேறு நிறம் வரும். அது 'டிசைன்' எனப்படும்.

அடுத்தது அளவு. இந்தத் தொழிலிலேயே சிக்கலான இடம் இதுதான். அளவு நாடாவைக் கண்டதும் பெண்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ரீச்சர் நாடாவைச் சுற்றிப் பிடித்தபடி, "மாமியார் எப்படியிருக்கா மனே?" என்று கேட்பார். பதில் சொல்ல மூச்சை விட்டுத்தான் ஆகவேண்டும். அந்த நேரத்தில் வாசித்தது 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கொப்பியில் 36 என்று எழுதிப் பக்கத்தில் 2 என்று கூட்டுவார். அந்த இரண்டு அங்குலம் காற்றுக்கு. கோடைச் சட்டை உடம்பைப் பிடிக்கக் கூடாது, உடம்பைத் தொட்டும் தொடாமலும் தொங்கவேண்டும்.

பிறகு மாதிரித் துண்டு. நாலங்குலத்துக்கு நாலங்குலம் பின்னி, கழுவி, காயவைத்து, அதன்மேல் அடிமட்டத்தை வைத்துக் கண்ணிகளை எண்ண வேண்டும். 22 இருந்தால் அங்குலத்துக்கு ஐந்தரை. 38 அங்குலத்துக்கு 209 கண்ணி. கழுவாமல் எண்ணினால் வினை. கழுவியபின் நூல் இளகி, அங்குலத்துக்கு ஐந்தாகிவிட்டால் அதே 209 கண்ணி ஏறத்தாழ 42 அங்குலமாகும். அரைக் கண்ணிப் பிழை, நாலங்குலச் சட்டை. ஊரிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கும் ரீச்சர், தன் மாதிரித் துண்டை மட்டும் கழுவமாட்டார். கேட்டால், "என்ட கைக்குத் தெரியும்கா" என்பார். கை சொன்னது சரியாக வந்த வருடங்களும் உண்டு. அவற்றை அவர் தேதியோடு சொல்வார்.

அவர் கழுத்திலிருந்து கீழே பின்னுகிற கட்சி. கீழிருந்து மேலே பின்னுகிறவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் தேத்தண்ணி ஆறிவிடும். கழுத்தில் தொடங்கினால் பாதியில் கண்ணிகளை ஒரு நீள நூலில் கோத்துவிட்டு, உரியவளைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்க்கலாம். நீளம் காணாவிட்டால் இன்னும் நாலு வரி, கூடினால் நாலு வரி அவிழ்ப்பு. இந்தப் போட்டுப் பார்த்தல் நாலைந்து தடவை நடக்கும். சட்டைக்குரியவள் ஒவ்வொரு தடவையும் விறாந்தையில் கையை விரித்து நிற்க, ரீச்சர் வாயில் குண்டூசியோடு அவளைச் சுற்றி வருவார். நெஞ்சுப் பக்கம் தூக்கிக்கொண்டு முன் விளிம்பு மேலேறினால், முன்பக்கத்தில் மட்டும் அரைவரி போய்த் திரும்பி, அங்கே நீளம் கூட்டவேண்டும். கைவளையம் வாயைப் பிளந்தால் ஓரத்தில் குறைந்த கண்ணி எடுத்துக் கொக்கி ஊசியால் இறுக்கி ஒரு சுற்று. தோள் தொய்ந்தால் உள்ளே பருத்தி நாடா வைத்துத் தைப்பு. இவ்வளவும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு.

அவருக்குப் பிடிக்காத மருந்து கத்தரி. தையற்கடையில் பக்கத்தை வெட்டிப் பிடித்துத் தருவதாகச் சொல்லும் பொடியன்மார் உண்டு. நெய்த துணியை வெட்டினால் ஓரம் பிசிறும், அவ்வளவுதான். பின்னலை வெட்டினால் கண்ணி ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி ஓடும். முதலில் இரண்டு தையல் போட்டுக் கட்டிவிட்டு வெட்டலாம் என்று பொடியன் சொல்வது சரிதான். ஆனால் அதை ரீச்சர் வீட்டில் சொல்லக்கூடாது.

சட்டை முடிந்து, போட்டு, எல்லோரும் பார்த்து, படமும் பிடித்தாகிவிட்டது. பிறகு அதை யாராவது கழுவுவார்கள். கம்பளி போலப் பருத்தி தன் இடத்துக்குத் திரும்பி வராது. அதோடு தண்ணியைக் குடித்துப் பாரமாகிவிடும். பாயில் விரித்துக் காயவையுங்கள் என்று ரீச்சர் நூறு தரம் சொல்லியிருப்பார். சட்டைக்குரியவளின் மாமியார் அதைக் கொடியில் தோளால் தொங்கவிட்டுக் கிளிப் போட்டிருப்பார். கச்சான் மிச்ச வேலையைச் செய்யும். பொழுதுபடும்போது இடுப்புக்கு இருந்த சட்டை முழங்காலுக்கு வந்திருக்கும்.

"ரீச்சர், இது நைட்டியா வந்திற்று" என்று கொண்டுவந்து நீட்டுவாள் பிள்ளை.

ரீச்சர் கோபிப்பதில்லை. சட்டையை வாங்கி, கீழ் விளிம்பின் முடிச்சைத் தேடிக் கண்டுபிடித்து இழுப்பார். 209 கண்ணியும் வரிவரியாகக் கரைந்து கதிரை முதுகைச் சுற்றி ஏறும். சுருண்ட நூலைக் கழுவி, நேராகத் தொங்க அடியில் பழைய பால்மா டின் ஒன்றைக் கட்டி விறாந்தைக் கொடியில் போடுவார். அதே நீல நூல் மூன்று வருடத்தில் ஒரு மருமகளின் ரொப்பாக, ஒரு பேத்தியின் மேற்சட்டையாக, பிறகு ரேடியோ மூடியாக இருந்திருக்கிறது. நூல் காய்வதற்குள் படலை திறக்கும் சத்தம் கேட்கும். ரீச்சர் வருகிறவளின் தோளைப் பார்ப்பார்.

"வாகா, இரு. மாமியார் எப்படியிருக்கா?"