கவர்மெண்டு மாமா

சிங்கப்பூரில், தேக்கா பக்கம் எந்த உணவங்காடிக்குப் போனாலும் இவர் இருப்பார். பணி ஓய்வு பெற்றவர். கையில் தே தாரிக், கக்கத்தில் மடித்த நாளிதழ். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, மத்திய சேம நிதி எல்லாம் அரசாங்கத்தின் கொடை என்று பூரித்துப்போவார். அரசாங்கம் இன்னும் தராத ஒன்றே ஒன்று, மருமகள்.

"டேட்டிங் செயலி எல்லாத்தையும் இழுத்து மூடணும் தம்பி. கல்யாணம் ஆச்சுன்னா ஒரே நாள்ல ரெண்டு வாடிக்கை போயிடும். எந்தக் கம்பெனிக்காரன் அதுக்கு ஒத்துக்குவான்? அதையே கவர்மெண்டு நடத்தட்டும். அதுக்குத்தான் புள்ள வேணும்!"

வாதத்தில் பழுதில்லை. 2023-இல் சிங்கப்பூரின் கருவள விகிதம் 0.97. பிள்ளை குறைகிற இதே கவலையில்தான் தோக்கியோ மாநகர அரசு 2024-இல் சொந்தமாக ஒரு செயலியைத் தொடங்கியது. சேர விரும்புவோர் மணமாகாதவர் என்பதற்கும் வருமானத்துக்கும் சான்று காட்டி, நேர்காணலுக்கும் உட்கார வேண்டும். கேட்டதும் மாமா உருகிவிட்டார்: "இதையேதான் ஊர்ல எங்கம்மா திண்ணையில உட்கார்ந்து ஓசியா விசாரிச்சாங்க!"

சிங்கப்பூருக்கு இது புதிதல்ல. 1984-இல் பட்டதாரிகளுக்கு ஜோடி சேர்க்கவே ஓர் அரசுப் பிரிவு வந்தது. மறு ஆண்டு பட்டமில்லாதவர்களுக்குத் தனிப் பிரிவு. 2009-இல் இரண்டும் இணையும்வரை காதலுக்கும் கல்விச் சான்றிதழ்படி இரண்டு வரிசை. மாமா பட்டதாரி இல்லை. ஆனாலும் வருத்தமில்லை, வரிசை என்று ஒன்று இருந்தால் போதும், நிற்பார்.

தனியார் செயலியில் பெண் பதில் போடாவிட்டால் அது தலைவிதி. அரசுச் செயலியில் அது நிர்வாகக் கோளாறு. மக்கள் சந்திப்பு நாளில் எம்.பி.யிடம் மனு கொடுக்கலாம்.

"அந்தப் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால்?"

"அதுக்கும் ஒரு ஃபாரம் வச்சிருப்பாங்கல்ல?"

மகனுக்கு இப்போது 34. தேடுகிறானா என்று கேட்டேன். பெண்ணைத் தேடவில்லையாம், வீட்டைத் தேடுகிறானாம். 35 ஆகிவிட்டால் தனியாளுக்கும் வீவக வீடு உண்டே!

"ஒரு கையால ஜோடி சேத்தாங்க, மறு கையால ஒண்டிக்கட்டைக்குச் சாவி குடுக்குறாங்க. என்ன கவர்மெண்டு இது?"

மாமா அரசாங்கத்தைத் திட்டி அன்றுதான் கேட்டேன். அதையும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் திட்டினார்.