ஆயா சொன்னா சரி

வடசென்னையில், சடையங்குப்பத்தை ஒட்டி எங்கள் பர்மா நகர். கொசஸ்தலையாறு பொங்கினால் எங்கள் பக்கத்தை டிவியில் காட்டுவார்கள். மற்ற நாளில் சீந்த ஆளில்லை. 1962-இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, 1964-இல் கடை கண்ணியை அரசுடைமையாக்கியதும், அங்கிருந்த தமிழர்கள் கப்பலேறி இங்கே வந்தார்கள். பணம், நகை எதையும் பெரிதாகக் கொண்டுவர விடவில்லை. நாக்கை மட்டும் சோதனை போட மறந்துவிட்டார்கள். அதில் ஏறி வந்ததுதான் அத்தோ.

ஆரஞ்சு நிற நூடுல்ஸில் கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, பொட்டுக்கடலை மாவு, மிளகாய்த்தூள், பூண்டெண்ணெய் எல்லாம் போட்டு, கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்கிற மொறுமொறு வறுவலை நொறுக்கித் தூவுவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். பீச் ஸ்டேஷன் பக்கம் சாயங்காலம் போனால் பிசைகிற வேகத்தைப் பார்க்கலாம். கரண்டியால் கிளறினால் அது வேறு பண்டம் என்பது என் கட்சி.

பெரியம்மா பர்மாவில் பிறந்தவர். அவருடைய பேரன், என் அக்கா மகன், ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிறான். சம்பளத்தில் பாதியை ஆசிய ஓட்டல்களுக்கு எழுதி வைத்திருக்கிறான். லீவு நாளில் வந்து பெரியம்மாவுக்கு நூடுல்ஸ் பாடம் எடுப்பான்.

“ஜப்பான்ல ராமென் ஆயா. பன்னி எலும்ப ராத்திரியெல்லாம் கொதிக்க வெப்பாங்க.”

“கேஸ் விக்கிற வெலையிலயா?”

“சோபான்னு ஒண்ணு. சத்தம் போட்டு உறிஞ்சித்தான் சாப்பிடணும். அங்க அது தப்பே இல்ல.”

“உங்க தாத்தாவும் அப்பிடித்தான் சாப்ட்டாரு. காலம் பூரா திட்டித் தீத்துட்டனேடா!”

கொரியாவில் ஐஸ் மிதக்கிற நெங்மியோன் உண்டு என்றதும், “அடுப்பு இல்லியா, பாவம்” என்றார். வியட்நாமின் ஃபோ மட்டும் தப்பித்தது. அரிசி நூடுல்ஸ், மாட்டெலும்பு சூப். “நம்ம பர்மா மொயிங்காதான். மீனுக்குப் பதிலா மாடு.” பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் கடை போட்டு வறுக்கிற மீ கோரெங்குக்கோ விசாரணையே இல்லை: “நம்மாளு கை பட்டுருக்குல்ல?”

அவன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். சீனாவில் லாஜியா என்ற இடத்தில் கவிழ்ந்து கிடந்த கிண்ணத்துக்கடியில் 4,000 வருஷத்து நூடுல்ஸ் கிடைத்ததாம். 2005-இல் ஆராய்ச்சிக் கட்டுரையே வந்ததாம்.

பெரியம்மா யோசித்தார். “நாலாயிரம் வருஷமா ஒருத்தனும் தொடலன்னா, எப்பிடி இருந்திருக்கும் பாத்துக்கோ.”

அவன் வாயடைத்து நிற்க, அவர் விடவில்லை.

“இதுல எதுலயாச்சும் பேஜோ போடுவானா?”

“இல்ல ஆயா.”

“அப்பறம் இன்னா நூடுல்ஸு? போய் அத்தோ வாங்கினு வா. எனக்கு முட்டையும் சேத்து.”