தொடங்கப்போகும் கோல்ப்காரர்

அவரைத் திருகோணமலை உவர்மலைப் பக்கம் பின்னேரம் ஐந்து மணிக்குக் காணலாம். காலர் வைத்த வெள்ளை ரீசேட், மடிப்புக் கலையாத லோங்ஸ், வலக்கையில் மட்டும் ஒரு வெள்ளைக் கையுறை. எதிரே வருகிறவர் குடையோடு வந்தால் போச்சு. குடையை வாங்கித் தலைகீழாகப் பிடித்து, நடுவீதியில் கால்களை அகட்டி நின்று, இல்லாத பந்தொன்றை ஓங்கி அடிப்பார். பிறகு நெற்றியில் கைவைத்துத் துறைமுகப் பக்கம் பார்ப்பார். பந்து நேராகத்தான் போயிருக்கும். இல்லாத பந்து ஒருநாளும் வளைந்து போனதில்லை.

இவரைக் கோல்ப் விளையாடுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். விளையாடுகிறவர்கள் விடியப் போய், வெயில் ஏறுமுன் ஆடி முடித்து, வாய் திறக்காமல் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். இவர் கோல்ப் தொடங்கப்போகிறவர். பேசுவதற்கு நேரம் அவருக்குத்தான் இருக்கிறது.

எல்லாம் டொக்டரால் வந்தது. பென்சன் எடுத்த புதிதில் சீனி கூடிப்போய் நின்றவரைப் பார்த்து, "நடவுங்கோ ஐயா" என்றார் அவர். நடப்பதற்கு இந்த ஊரில் இடமா இல்லை? டச்சுக்குடாக் கடற்கரை இருக்கிறது. கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயில்வரை ஏறி இறங்கினால் மான்களும் துணைக்கு வரும். ஐந்து சதம் செலவில்லை. ஆனால் கச்சேரியில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்புப் புரட்டியவருக்கு, காரணம் காட்டாமல் நடப்பது மனதுக்கு ஒப்பவில்லை. கோல்ப் அப்படியில்லை. 18 குழிகள் ஆடி முடிக்க எட்டுக் கிலோமீற்றர் அளவில் நடக்க வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி என்று அட்டையில் பதிய வேண்டும். கடைசியில் கூட ஆடியவரிடம் கையெழுத்தும் வாங்க வேண்டும். பதிவேடும் அத்தாட்சியும் உள்ள நடை! நம்மவர் அன்றே தீர்மானித்துவிட்டார்.

திருகோணமலையில் கோல்பா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. சீனக்குடாவில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி, விமானப்படையின் ஈகிள்ஸ் கோல்ப் திடல் இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஊருக்கு அடையாளம் சொல்ல பிறிமா மா ஆலையும், பிரிட்டிஷ்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகளும் போதும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டதும் இங்கேதான். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் நம்மவரே. கொழும்பு கோல்ப் கழகம் 1879இல் உருவானது, காலிமுகத் திடலில் ஆடிவிட்டு 1896இல் பொரளைப் பக்கம் போனது, அந்தத் திடலுக்குள்ளால் களனிவெளி ரயில் இன்றைக்கும் ஓடுவது, நுவரெலியாக் கழகத்தின் ஆண்டு 1889 என்பது, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அடித்த பந்து ரயில் பெட்டிக்குள் விழுந்தால் விதிப்படி என்ன செய்ய வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருக்கிறார். அப்போது ஒரு பந்தைக்கூட அவர் அடித்திருக்கவில்லை என்பது வேறு விடயம்.

சாமானுக்கு வருவோம். ஓர் ஆட்டத்துக்கு 14 மட்டைகளுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்கிறது விதிப் புத்தகம். கச்சேரியில் ஒதுக்கீட்டின் உச்சவரம்பை வாசிப்பதுபோல் நம்மவர் அதை வாசித்தார்: 14க்கு ஒன்று குறைந்தாலும் திரும்பிப் போய்விடும்! உண்மையில், பழகுகிறவருக்கு ஏழாம் நம்பர் அயன் ஒன்றும், குழிக்குள் பந்தை உருட்டிவிடும் பட்டர் ஒன்றும் இருந்தால் முதல் சில மாதங்கள் ஓடிவிடும். திடலில் கால் வைக்கிற காலத்தில் இன்னும் நாலைந்து சேர்க்கலாம். ஆனால் ஒற்றை மட்டையோடு போனால் பார்க்கிறவர்கள் மாடு மேய்க்கப் போகிறார் என்று நினைப்பார்களே என்ற கவலை அவருக்கு.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மனைவியின் தம்பிக்கு வட்ஸ்அப் போனது. அங்கே யாரோ பாவித்து விட்ட முழுச் செற், பையோடு, ஊருக்கு வந்த உறவினர் ஒருவரின் பொதியில் வந்து சேர்ந்தது. வளவுக்குள் அயலட்டைச் சனம் கூடி நிற்க, நம்மவர் தூர அடிக்கென்று உள்ள பெரிய மட்டையான டிரைவரை உருவி எடுத்து, கிணற்றடியில் நின்று குறி பார்த்தார். அவர் வேலியைப் பார்த்து அடிக்க நின்றார். மட்டையின் முகமோ கிணற்றைப் பார்த்தது. உடனே ஸ்காபரோவுக்குப் போன் போனது.

"மச்சான், இது இடக்கைச் செற் எல்லோ!"

"ஓம் அத்தான். இஞ்ச கனபேர் இடக்கைதான். மலிவாக் கிடைச்சது."

மச்சான் சொன்னது பொய்யில்லை. உலகத்தில் இடக்கைக் கோல்ப்காரர்கள் மிகுந்த நாடுகளில் கனடா முன்னுக்கு நிற்கிறது. சின்ன வயதில் ஐஸ் ஹொக்கித் தடியைப் பிடித்த பழக்கம் என்கிறார்கள். கனடாக்காரரான மைக் வியர் 2003இல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றது இடக்கையால்தான். வலக்கைக்கு மாறட்டுமா என்று சிறுவனாக இருந்தபோது அவர் பெரும் ஆட்டக்காரரான ஜாக் நிக்லஸுக்குக் கடிதம் எழுதிக் கேட்க, இருக்கிறபடியே இரு என்று பதில் வந்ததாம். இந்தக் கதையை யூடியூப்பில் கண்டுபிடித்த அன்றிரவே நம்மவர் இடக்கைக்காரரானார். "கிரிக்கெட்டில சனத் இடக்கை, சங்கா இடக்கை. எனக்கு மட்டும் ஏலாதோ?" என்றார். வலக்கைக் கையுறையின் மர்மம் இதுதான். கோல்ப்காரர் மட்டையின் மேல்நுனியைப் பிடிக்கும் கைக்குத்தான் உறை போடுவார். வலக்கை ஆட்டக்காரருக்கு அது இடக்கை, இடக்கைக்காரருக்கு வலக்கை. வீட்டம்மாவுக்கு இது விளங்கவில்லை. "இஞ்சாருங்கோ, மற்றக் கை உறையைக் கடைக்காரன் தரேல்லையோ? காசு ரெண்டுக்கும்தானே குடுத்திருப்பீங்கள்?"

பந்தும் அப்படித்தான். பெரிய ஆட்டக்காரர்கள் பாவிக்கிற டைட்லிஸ்ட் புரோ வி1 ஒரு பெட்டி வாங்கி, கண்ணாடி அலுமாரியில் பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வைத்திருக்கிறார். பழகுகிறவன் அடிக்கிற பந்து பற்றைக்குள் போவதற்கென்றே பிறந்தது. அதற்குப் பழம் பந்து போதும். தொலைந்த பந்தைத் தேட முன்பு ஐந்து நிமிடம் தந்தார்கள், 2019இலிருந்து மூன்றே நிமிடம். "சரியான அநியாயம்" என்று நம்மவர் அதற்கு எதிராகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

இனி, படிப்பு. ஆளிடம் காசு கொடுத்துப் படிப்பதா, தானே படிப்பதா? இந்தக் கேள்வியில் ஒரு மாரி முழுவதும் கழிந்தது. வெளியே வாடைக்காற்றும் மழையும், உள்ளே யூடியூப். தலையை அசைக்காதே என்றார் ஒருவர். தலையைப் பற்றி யோசிக்காதே, இடுப்பைத் திருப்பு என்றார் அடுத்தவர். இடுப்பு தானாகத் திரும்பும், தோளைப் பார் என்றார் மூன்றாமவர். நம்மவர் மூன்று பேரையும் கேட்டு, ஒரே நேரத்தில் செய்து, கிழமைக் கணக்கில் சித்தாலேப தடவிக்கொண்டு கிடந்தார். பெரிய ஆட்டக்காரரான பென் ஹோகன் 1957இல் எழுதிய 'ஐந்து பாடங்கள்' புத்தகத்தையும் எடுப்பித்தார். அதில் முதல் பாடமே மட்டையைப் பிடிப்பது. கீழ்க்கைச் சின்னவிரலை மேற்கை விரல்களின்மேல் ஏற்றிப் பிடிக்கிற வார்டன் பிடியா, இரண்டு கை விரலையும் கோத்துப் பிடிக்கிற நிக்லஸ் பிடியா என்று பேரப்பொடியனோடு வாதாடினார். பத்து விரலாலும் பிடித்தால் என்ன தாத்தா என்றான் அவன். அப்படியும் ஒரு பிடி இருக்கிறது, தொடங்குகிறவருக்கு அது குற்றமுமில்லை. ஆனால் அதில் பெரிய மனிதர் பெயர் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லையே!

முற்றத்தில் பழக ஒரு வலை கட்ட வேண்டும் என்ற யோசனை வந்தது. கடற்கரையில் வலைக்கா பஞ்சம்? தெரிந்த மீனவர் ஒருவரிடம் பழைய வலையொன்றைக் கேட்டு வாங்கி, இரண்டு முருங்கை மரங்களுக்கு நடுவே கட்டினார். முதல் அடி நல்ல அடி என்றுதான் சொன்னார்கள். பந்து வலைக்குள்ளால் போய், வேலிக்கு மேலால் போய், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் பட்டது. மீனவர் வந்து பந்தை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"ஐயா, இது பாரைக்குப் போடுற வலை. உங்கட பந்துக்குச் சூடை வலையெல்லோ வேணும்."

கோல்ப் பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது என்பது விதி. நம்மவருக்கு அது மனப்பாடம். வலைக்கண்ணை அளந்து பார்க்க மட்டும் மறந்துபோனார்.

தண்ணீர்த் தாங்கிக்குப் பிறகு வீட்டம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆளிடம் படிக்க வேண்டியதாயிற்று. பயிற்றுவிக்க வந்தவர் சின்ன வயதில் அடுத்தவர் பையைத் தூக்கிக்கொண்டு திரிந்த கெடி. இலங்கையில் நல்ல ஆட்டக்காரர் பலர் அப்படித்தான் வந்தார்கள். தமிழும் சிங்களமும் கலந்த பேச்சு. 14 மட்டைகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சேர் எந்தக் கையால சோறு சாப்பிடுறது?"

"வலக்கையால."

"எழுதுறது?"

"அதுவும் வலக்கையாலதான். ஆனா மைக் வியர்..."

"அவர் சின்னப் பிள்ளையில இருந்து, சேர்."

அவர் தன்னுடைய பழைய வலக்கை அயனை எடுத்து நீட்டினார். ஏழாம் நம்பர். ஒரு மணித்தியாலத்தில் அரைவாசி மட்டையைப் பிடிப்பதிலேயே போனது. கிரிக்கெட் மட்டையை இறுக்கிப் பிடித்து, கீழ்க்கையால் தூக்கி அடித்துப் பழகிய கை விடமாட்டேன் என்றது. எங்கட ஆட்கள் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. மக்கெய்சர் திடலில் சிக்ஸர் அடித்த பெருமையோடு வருவார்கள். ஓடிவரும் பந்தையே அடித்தவனுக்கு சும்மா கிடக்கிற பந்து எம்மாத்திரம் என்பார்கள். சும்மா கிடக்கிற பந்து கொடியது. அது அடிக்கிறவருக்கு யோசிக்க நேரம் கொடுக்கிறது. பந்தை மேலே எழுப்ப வேண்டுமென்று நம்மவர் கீழேயிருந்து அள்ளினார். மட்டை பந்தின் தலையைத் தட்ட, பந்து புல்லோடு புல்லாக ஓடியது. மேலே எழுப்புகிற வேலையை மட்டையின் சரிவு பார்த்துக்கொள்ளும், கீழ்நோக்கி அடித்தால் பந்து மேலே போகும் என்று பயிற்சியாளர் சொன்னதை அவர் நம்பவில்லை. பகிடி விடுகிறான் என்றே எண்ணினார்.

எழும்பிய பந்துகளெல்லாம் வலப்பக்கம் வளைந்து போயின. "கச்சான் காற்று" என்றார் நம்மவர். ஆனி ஆடியில் மேற்கேயிருந்து சுட்டுக்கொண்டு வீசும் அந்தக் காற்றின் தலையில் இந்த ஊரில் எதையும் போடலாம். அன்றைக்கு மரத்தில் ஓர் இலை அசையவில்லை. மட்டை போகிற பாதைக்கு அதன் முகம் திறந்து நின்றால் பந்து அப்படித்தான் வளையும். காற்றில்லாத கொட்டகைக்குள் அடித்தாலும் வளையும். பயிற்சியாளர் அதைச் சொல்லாமல், இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம்வரை மட்டுமே வீசச் சொன்னார். அரை வீச்சு. அதில் பத்துக்கு மூன்று நேராகப் போனது. நம்மவருக்கோ முழு வீச்சு வேண்டும், டிரைவர் வேண்டும். 18 குழிக்கும் சேர்த்து டிரைவரை எடுக்கிற சந்தர்ப்பம் மிஞ்சினால் ஒரு பதினான்கு. 72 அடிக்கென்று வகுத்த திடலில் 36 அடி, அதாவது சரிபாதி, பச்சைப் புல்தரையில் பந்தை உருட்டுவதற்கென்றே ஒதுக்கியது. இந்தக் கணக்கைத் தொடங்கப்போகிறவரிடம் சொல்லிப் பாருங்கள், ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு டிரைவரின் விலையைக் கேட்பார். வீட்டில் பட்டரைப் பாவிக்கிற ஒரே ஆள் பேரப்பொடியன். சீமெந்துத் தரையில் தேநீர்க் கோப்பையைச் சரித்து வைத்து உருட்டுகிறான். குழியின் அகலம் 108 மில்லிமீற்றர், கோப்பை அதைவிடச் சின்னது. பந்து தவறாமல் போய் விழுகிறது.

போன மாதம் இன்னொரு முன்னேற்றம். தொடங்குகிறவருக்கு அதிகபட்சமாகக் கொடுக்கும் சலுகை எண் (ஹான்டிகப்) 54 என்று எங்கோ படித்துவிட்டு, "எனக்கு ஹான்டிகப் 54" என்று சந்தியில் சொன்னார். ஆட்டம் திருந்தத் திருந்த அந்த எண் குறைய வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு அது தெரியாது. "54 எண்டால் சாதாரண தரத்தில C சித்தி. தொடக்கத்துக்குப் பரவாயில்லை. இன்னும் கூட்டப் பாருங்கோ" என்றார்.

என் கணிப்பைக் கேட்டால், நம்மவர் தேறிவிடுவார். பயிற்சியாளரிடம் நாலாம் தடவையும் போயிருக்கிறார். சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பேச்சும் இறங்கியிருக்கிறது, அதுதான் பெரிய அறிகுறி. உங்களில் யாருக்காவது ஆசையிருந்தால் மட்டை வாங்க முதல் ஆளைப் பிடியுங்கள். நாலைந்து பாடம் முடியும்வரை இரவல் அயன் ஒன்று போதும். விடியற்காலையில் போங்கள், கச்சான் எழும்பமுன் வந்துவிடலாம். முழு இடக்கைச் செற் ஒன்று, 14 மட்டை, பையோடு, அதிகம் பாவிக்காதது, உவர்மலையில் விற்பனைக்கு இருக்கிறது. இடக்கைக்காரர் யாரையாவது தெரிந்தால் சொல்லிவிடுங்கோ; விலையை வீட்டம்மாவோடு பேசுங்கோ.