ஆழாக்குக்கு முத்திரை கோரி ஒரு மனு

அனுப்புநர்: வீட்டளவில் கடலை மிட்டாய் போடும் குடும்பத்தலைவி, கோவில்பட்டி.

பெறுநர்: தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அவர்கள், தூத்துக்குடி மாவட்டம்.

பொருள்: ஒரு ஆழாக்குக் கடலை எத்தனை கிராம் என்று ஆணையிடக் கோருதல்.

பார்வை: சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009, பிரிவு 11.

ஐயா,

நிலையான அலகைத் தவிர வேறெதிலும் விலை சொல்லக் கூடாது என்கிறது மேற்படி பிரிவு. எங்கள் பஜாரும் படியைப் பரணில் ஏற்றிவிட்டுக் கிலோவில் விற்கிறது. 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர் மிட்டாய்ப் பாக்கெட்டிலும் நிகர எடை கிராமில்தான். எல்லாம் கடைவாசல் வரைக்கும். அடுப்படியில் இன்னும் ஆழாக்கின் ஆட்சி நடக்கிறது. நடத்துபவர் என் மாமியார்.

பெங்களூரில் இருக்கும் என் மகள் எலக்ட்ரானிக் தராசு வாங்கிவைத்துக்கொண்டு ஆச்சியிடம் போனில் பக்குவம் கேட்டாள். “மூணு ஆழாக்குக் கடலைக்கு ரெண்டு ஆழாக்கு வெல்லம்.” எத்தனை கிராம் என்றாள். “அளந்தே காட்டுதேன், பாரு” என்று வீடியோவில் அளந்தார் ஆச்சி: “லாபம், ரெண்டு, மூணு.” லாபம் எத்தனை கிராம் என்று பிள்ளை கேட்கிறது. ஆணையில் அதற்கும் ஒரு வரி சேர்க்கவும்.

கடலை என்றால் ஆச்சி கும்பாரமாகக் குவிப்பார். வெல்லம் என்றால் தலை வழிப்பார். இரண்டும் அவர் கணக்கில் ஒரே ஆழாக்கு.

கடலையும் யோக்கியமில்லை. 200 மில்லி டம்ளரைத் தலை வழித்தால் உரித்த பருப்பு சுமார் 120 கிராம். தோட்டோடு அளந்தால் பாதிக்கு மேல் காற்று. பத்து கிலோ காயை உடைத்தால் ஏழு கிலோ பருப்பு தேறினாலே நல்ல காய். வறுத்தால் ஈரம் போகும், சுளகில் புடைத்தால் தோல் போகும். இரண்டாகப் பிளந்தால் இடுக்கெல்லாம் அடைந்து அதே டம்ளரில் இன்னும் கொஞ்சம் இறங்கும். அரைத்தாலோ நேர்மாறு: ஒரு கப் முழு பாதாம் 143 கிராம், அரைத்தது 95 என்று அமெரிக்க வேளாண் துறை பட்டியலே போட்டிருக்கிறது. நம் நிலக்கடலைக்கு 146. ஆனால் அவர்கள் கப் சுமார் 240 மில்லி. அரிசி குக்கரோடு வரும் கப் 180. ஆச்சியின் ஆழாக்கு எவ்வளவு என்பது அதை அடித்த கன்னாருக்கே வெளிச்சம்.

கொள்ளளவைகளுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை மறுமுத்திரை வேண்டும் என்பது விதி. இந்த ஆழாக்கு கல்யாணச் சீரில் வந்தது. அதிலிருக்கும் ஒரே முத்திரை மாமியாரின் பெயர்வெட்டு. முத்திரை ஆய்வாளரை அனுப்பலாம். தனியாக அனுப்ப வேண்டாம்.

ஒருதரம் ஆழாக்கைத் தராசில் கவிழ்த்து, வந்த கிராமைச் சுவரில் எழுதிவிட்டால் தீர்ந்தது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். “அளந்து போட்டா வீடு, நிறுத்துப் போட்டா கடை” என்றுவிட்டார். கிராம் கிடைத்தாலும் பாகு இருக்கிறது. தண்ணீரில் விட்ட பாகை உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். அதற்குத் தங்களிடம் என்ன அலகு இருக்கிறது என்று தெரிவித்தால் மகளுக்குச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மனுதாரர்

இணைப்பு:
ஆழாக்கின் போட்டோ (அசலைத் தர மறுத்துவிட்டார்).
மிட்டாய், பத்துத் துண்டு. எடை போடவில்லை, எண்ணிக்கொள்ளவும். எண்ணிக்கையையும் தங்கள் சட்டம் ஏற்கிறது.