ஆல் சைடு

என் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. ஆடு ஓட்டிக்கொண்டு வருகிறவர், சிப்காட் ஷிப்டுக்குப் போகிறவர் எல்லார் கண்ணிலும் படும். 1991-இல் ஜெயலலிதாவை எதிர்த்து டி.ராஜேந்தர் நின்ற பர்கூர் தொகுதி எங்களுடையது. தேர்தல் காலத்தில் சுவரின் அருமை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

2024 பிறந்ததுமே ஒரு கட்சியின் பையன்கள் வந்து, சந்தன நிறச் சுவரில் நீலத்தைக் குழைத்து ‘ஆல் சைடு 2024–26’ என்று எழுதி, பக்கத்தில் சின்னத்தையும் கிறுக்கிவிட்டுப் போனார்கள். நான் திண்ணையில்தான் இருந்தேன். எல்லாப் பக்கமும் எங்களுக்கே என்று இப்படி ரிசர்வ் செய்தவன் பிறகு முழுச் சுவருக்கும் வெள்ளையடித்துத்தானே எழுதுவான்? கூலி மிச்சம்!

“ஏங்க, வீட்டுவரி கட்டறது நீங்களா, அவங்களா?” என்றாள் மனைவி.

வெள்ளை வருவதற்குள் மார்ச் 16-ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. விதிகளை மனப்பாடம் செய்தேன். அரசுக் கட்டடத்தில் இருப்பதை 24 மணி நேரத்தில் அழிக்க வேண்டும், பஸ் ஸ்டாண்டு போன்ற பொது இடத்தில் 48 மணி நேரம், அனுமதியில்லாமல் எழுதிய தனியார் சுவரில் 72 மணி நேரம். எழுத வேண்டுமானால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். சட்டம் என்னை இவ்வளவு பெரிய மனிதனாக வைத்திருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

சொன்ன கெடுவுக்குள் சுண்ணாம்பு வாளியோடு ஆள் வந்தார். நீல எழுத்து எங்கெங்கே வளைந்ததோ அங்கெல்லாம் மட்டை பிரஷ்ஷும் கூடவே வளைந்தது. “அப்படியே முழுக்க அடிச்சிடுங்களேன்” என்றேன்.

“எழுத்தை அழிக்கத்தான் சார் உத்தரவு.”

காய்ந்ததும் பார்த்தால் சின்னம் வெள்ளை வெளேரென்று, முன்பைவிட எடுப்பாக இருந்தது. ‘சி-விஜில்’ செயலியில் படம் போட்டால் 100 நிமிடத்தில் நடவடிக்கை என்றான் மகன். கட்சி மேல் புகார் கொடுக்கலாம். சுண்ணாம்பு மேல் எப்படிக் கொடுப்பது?

மனைவி கரித்துண்டை எடுத்து, அந்த வெள்ளையின் மேலேயே ‘ரூம் வாடகைக்கு’ என்று எழுதினாள். சாயங்காலமே இரண்டு பேர் வந்தார்கள். சிப்காட் பையன்கள் என்று எழுந்து நின்றேன். தேர்தல் ஆபீஸ் போட இடம் வேண்டுமாம்.

“பத்து மாச அட்வான்ஸ்” என்றாள் உள்ளிருந்தபடியே. அதோடு அவர்கள் வரவில்லை.